ஒன்பதாவது வரி

மதுரையில் ஒருவர் பெரிய ஆளா, சின்ன ஆளா என்பதைக் கனகலட்சுமி ஸ்கேல் வைத்து அளந்து சொல்லிவிடுவாள். அதுதான் அவள் வேலை. கோரிப்பாளையத்தில் பூங்கதிர் டிஜிட்டல்ஸ் என்ற கடையில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃப்ளெக்ஸும் போஸ்டரும் வடிவமைக்கிறாள். காதுகுத்தோ, வளைகாப்போ, கண்ணீர் அஞ்சலியோ, எதுவானாலும் நடுவில் ஒரு பெரிய முகம் இருக்கும். அடியில் ஸ்டாம்ப் சைஸில் முப்பது நாற்பது சின்ன முகங்கள் வரிசையாக நிற்கும். நடுவில் இருக்கும் பெரிய முகத்தால் எந்தச் சண்டையும் வந்ததில்லை. வந்ததெல்லாம் அடிவரிசையால்தான்.

"யக்கா, எம்மூஞ்சிய விட அவன் மூஞ்சி பெருசா இருக்கு. நான் தாய்மாமன்க்கா."

"அளவு ஒண்ணுதாண்ணே. அவருக்கு மீசை பெருசு, அதான் அப்படித் தெரியுது."

"அப்ப மீசைய விட்டுட்டு அளந்து காட்டு."

அவள் உண்மையிலேயே மீசையை விட்டுவிட்டு அளந்து காட்டுவாள். அந்தத் தாய்மாமன் சமாதானமாகிப் போய்விடுவார். அரை அங்குலத்துக்காக மச்சான் மச்சானுக்குள் பேச்சுவார்த்தை அறுந்துபோன கதைகள் அவளுக்கு ஏராளமாகத் தெரியும். அவள் முகம் மட்டும் எந்த வரிசையிலும் வந்ததில்லை. வடிவமைக்கிறவளுக்கு அதெல்லாம் தோன்றாது.

அவள் ஊர் திருவாதவூர். அங்கிருந்து தினமும் காலையில் அவளுடைய அண்ணன் சூரியபிரகாஷ் பைக்கில் அழைத்துவந்து கடை வாசலில் இறக்கிவிடுவான். பிறகு அவன் ஆரப்பாளையம் போவான். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் மேசை அவனுடையது. வருகிறவர்களிடம் பேர் கேட்டு, ஊர் கேட்டு நோட்டில் எழுதிச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அண்ணனும் தங்கையும் வழியில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். சிக்னலில் வண்டி நின்றதும், எதிர்ச் சுவரில் என்ன போஸ்டர் ஒட்டியிருக்கிறதோ அதிலிருந்து ஒரு வரியை அவன் சத்தமாகப் படிப்பான். சிவப்பு எண் இறங்கி முடிவதற்குள், அந்த வரியைப் போலவே முடிகிற இன்னொரு வரியை அவள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்று சாயங்காலம் பருத்திப்பால் அவள் செலவு.

"வருங்காலமே, வழிகாட்டியே!" என்று அவன் ஆரம்பிப்பான்.

"ஹெல்மெட் இல்லாத வண்டியோட்டியே!" என்பாள் அவள். பக்கத்து வண்டிக்காரர் திரும்பி முறைப்பார். அவர் தலையில் ஹெல்மெட் இருக்காது.

"முப்பத்தி ரெண்டுலயே சொல்லிட்ட. நாளைக்கு நாப்பதுலயே சொல்லணும், என்ன?"

கோரிப்பாளையம் முக்கு அப்போதெல்லாம் நாற்பதிலிருந்துதான் எண்ணி இறங்கும். அந்த நாற்பது நொடியில் அவள் எத்தனையோ ஆயிரம் வரிகள் கட்டியிருக்கிறாள். அதற்கு ஒரு பெயர் இருப்பதோ, உலகம் முழுக்க இளவட்டங்கள் வட்டமாக நின்று அதைத்தான் செய்கிறார்கள் என்பதோ அவளுக்குத் தெரியாது.

ஓர் ஐப்பசி மழையில், ஒத்தக்கடை தாண்டி நின்றிருந்த ஒரு லாரி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது வயது. அவளை இறக்கிவிடப் போகும் வழியில் இல்லை, தனியாகத்தான் போனான்.

அஞ்சலி போஸ்டரை அவளே வடிவமைத்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. யாரையும் செய்யவும் அவள் விடவில்லை. வலது மூலையில் ஒற்றை மல்லிகைப்பூவைக் கையால் வரைந்து வைத்தாள். வாசகமாக இருபத்துநாலு வரி எழுதினாள். கடை முதலாளி ஹரிராம் திரையைப் பார்த்தபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா கனகம், பேச்சுத் தமிழ்ல அஞ்சலி யாரும் போடுறதில்லையே."

"எங்கண்ணன்கிட்ட நான் பேச்சுத் தமிழ்லதான் சார் பேசுவேன்."

அவர் தலையசைத்தார். "ஆனா இருபத்துநாலு வரி இந்தத் தாளுக்கு ஆகாதும்மா. எழுத்து எறும்பாட்டம் ஆயிரும். பஸ்ஸுல போறவனுக்குத் தெரியணும்ல" என்றார். அது தொழில். அது அவளுக்கும் தெரியும். எட்டு வரியை வைத்துக்கொண்டு பதினாறை எடுத்துவிட்டாள். சுவரில் ஒட்டியது இதுதான்:

சிவப்பு விழுந்தா நிக்கணும்ன, அண்ணே,
பச்சை விழுமுன்னே நீ போனதென்ன?
ஒட்டின செவுத்துல ஓம்மொகம் பாத்தேன்,
பசை காயும் முன்னாடி படிச்சிட்டு வேர்த்தேன்.
வண்டிச்சாவி ஆணியில சும்மாவே ஆடுது,
தெருநாயி தெனமும் ஓஞ்சத்தத்தத் தேடுது.
ஊரெல்லாம் கூட்டம், ஒத்த ஆளு இல்ல,
யாரெல்லாம் வந்தாலும், அண்ணே, நீயா இல்ல.

மீதிப் பதினாறு வரியை அவள் யாருக்கும் காட்டவில்லை. எதிலும் எழுதி வைக்கவும் இல்லை. அவை மனதிலேயே இருந்தன.

ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. மார்கழி. ஹரிராமின் தங்கை மகள் வித்யாஸ்ரீ, கல்லூரி விழாவுக்குப் பேனர் அடிக்கக் கடைக்கு வந்தாள். மாமாவிடம் சௌராஷ்டிர மொழியில் படபடவென்று பேசினாள். கனகத்திடம் அதே வேகத்தில் தமிழுக்கு மாறினாள். வாயாலேயே தாளம் போடுகிற பெண். நின்றால், நடந்தால், சும்மா இருந்தால் உதட்டில் டிரம் அடித்துக்கொண்டிருக்கும். பேனருக்கான எழுத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது.

ரிங்டோனில் ஓர் ஆண் குரல்:

"சிவப்பு விழுந்தா நிக்கணும்ன, மாப்ள, பச்சை விழுமுன்னே நீ போனதென்ன?"

கனகம் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இது என்ன பாட்டு?"

"என்னாக்கா நீ மதுரைலதான இருக்க? தீச்சட்டின்னு ஒரு ராப்பர், அவன் பாட்டுக்கா! ஆரப்பாளையத்துப் பய. முப்பது லட்சம் பேர் பாத்திருக்காய்ங்க. மெட்ராஸ்லருந்து தேடி வாராய்ங்க அவனை."

"இன்னொரு தடவை போடு."

எட்டு வரி. ஒரு எழுத்துக் குறையவில்லை. 'அண்ணே' என்று வரும் இரண்டு இடத்தில் மட்டும் 'மாப்ள'. வீடியோவில் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் தடித்த சங்கிலியுமாக ஒருவன் நெஞ்சில் குத்திக்கொண்டு பாடினான். கீழே ஆயிரக்கணக்கில் அழுகிற மஞ்சள் முகங்கள்.

"இதை எழுதினது யாரு?" என்றாள் கனகம்.

"அவனேதான். ராப்புல அடுத்தவன் எழுதிக் குடுத்ததப் பாடினா மரியாதையே போயிரும்க்கா. ஓங்கதையத்தான் நீ பாடணும். அதுதான் இதுல மொத விதி."

"அடுத்தவங்க எழுதினத எடுத்துட்டுப் பாடினா?"

"அவன் மைக்கத் தொடவே கூடாது. எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் அம்புட்டுத்தேன், காலி."

கனகம் தன் போனைத் திறந்து அண்ணனின் போஸ்டரைக் காட்டினாள். வித்யாஸ்ரீ முதல் வரியைப் படித்தாள், இரண்டாவதைப் படித்தாள். அவள் உதட்டில் இருந்த டிரம் நின்றது. அது நின்று கனகம் அன்றுதான் பார்த்தாள்.

"செவுத்துலருந்து திருடிருக்கான்க்கா."

"எங்கண்ணன் சாவ எடுத்துப் பேர் வாங்கிட்டான். அண்ணேங்கிறத அழிச்சுட்டு."

"அதான் அந்த மொத வரில தாளம் இடிக்குது! அண்ணே, என்ன, சரியா உக்காருது. மாப்ளேன்னு வந்ததும் கால் தட்டுது. நான் எத்தனை தடவை அவனுக்குத் தாளம் அடிச்சிருக்கேன், ஏன் தட்டுதுன்னு தெரியாமலே அடிச்சிருக்கேன்!" என்று அவள் கத்தினாள். உள்ளேயிருந்து ஹரிராம் எட்டிப் பார்த்தார்.

இணையத்தில் எழுதிவிடலாம் என்றாள் கனகம். வித்யாஸ்ரீ வேண்டாம் என்று தலையாட்டினாள். "நம்ப மாட்டாய்ங்க. போஸ்டர் வரியெல்லாம் எல்லாருக்கும் போடுற கடை வரிதானம்பாய்ங்க. நீயே எங்கருந்தோ எடுத்துப் போட்டதும்பாய்ங்க. லைக்குக்குப் பேசுறம்பாய்ங்க. நேர்ல வா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெப்பக்குளத்துல எங்க சைஃபர் இருக்கு. வட்டமா நிப்போம், ஒவ்வொருத்தரா நடுவுல வந்து பாடணும். எம்புட்டுப் பேர் வாங்கினாலும் தீச்சட்டி அங்க வந்துருவான். அங்க வராதவனுக்கு எங்ககிட்ட மதிப்பில்ல."

"நான் வந்து என்ன செய்ய? சண்டையா போட?"

"போஸ்டர்ல போடாத வரி எதும் இருக்காக்கா?"

"பதினாறு."

"எழுதினவளுக்குத்தானக்கா ஒன்பதாவது வரி தெரியும்?"

அந்த வாரம் முழுவதும் திருவாதவூர் டவுன் பஸ்ஸில் கனகம் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் தாளம் போட்டன. வியாழக்கிழமை கண்டக்டர் பொறுக்கமாட்டாமல் நின்றுவிட்டார்.

"யாரைம்மா திட்டுற? என்னையவா?"

"இல்லண்ணே, ஒரு திருடனை."

"நல்லா வையி. ஒத்தக்கடைல எறங்குறவங்க முன்னாடி வாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடமாக ஒத்தக்கடை வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவள், அன்று கண்ணைத் திறந்துகொண்டே அதைத் தாண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்தில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் நீளமாக ஆடியது. மாங்காய்த் துண்டு விற்கிறவர்கள், பஞ்சுமிட்டாய், வாக்கிங் போகிற பெரியவர்கள். மேற்குச் சுவரோரம் எழுபது எண்பது பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். வித்யாஸ்ரீ வாயால் அடித்த தாளம் ஸ்பீக்கர் வழியாக வந்து காலடியில் தரையைத் தட்டியது. ஒருவன் காலேஜ் கேன்டீனைத் திட்டிப் பாடினான். ஒருத்தி தன் மாமியாரை மெச்சுவதுபோல வாரிவிட்டாள். கூட்டம் "ஓஹோ!" என்று குதித்தது. கனகத்துக்கு வியப்பாக இருந்தது. இது சிக்னல் விளையாட்டுதானே! இத்தனை பேர் விளையாடுகிறார்களா!

அப்போது கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. கறுப்புக் கண்ணாடி, சங்கிலி. தீச்சட்டி வந்துவிட்டான். போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

"மாப்ள! சிவப்பு போடு மாப்ள!"

அவன் மைக்கை எடுத்தான். முதல் வரியை அவன் பாடுவதற்குள் எழுபது தொண்டைகள் பாடிவிட்டன. மாங்காய் விற்கிற அம்மாகூடத் தலையை ஆட்டிக்கொண்டே மிளகாய்ப்பொடி தூவினாள். தான் எழுதிய வரி, தன் வீட்டுச் சாவி ஆணி, தன் தெரு நாய், இத்தனை வாயில். கனகத்துக்குக் கோபத்தோடு கோபமாக இன்னொன்றும் பொங்கியது. இப்படி ஒலிக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது பெருமைதான் என்று ஒப்புக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"யாரெல்லாம் வந்தாலும், மாப்ள, நீயா இல்ல!"

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் வட்டத்துக்குள் வந்து நின்றுவிட்டாள். கடைக்கு உடுத்துகிற அதே ஊதா நிறச் சுடிதார், தோளில் சாப்பாட்டுப் பை.

"யக்கா, கோலப்போட்டி அந்தப் பக்கம்!" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"ஒன்பதாவது வரியப் பாடு" என்றாள் தீச்சட்டியிடம்.

"என்னாதுக்கா?"

"எட்டுப் பாடின. ஒன்பதாவது வரி என்ன?"

"பாட்டே எட்டு வரிதேன்க்கா. அதுக்கப்புறம் மியூசிக்கு."

"இருபத்துநாலு வரி."

சிரிப்பு இன்னும் பெரிதானது. வித்யாஸ்ரீ சிரிக்கவில்லை. தீச்சட்டியின் கையிலிருந்து மைக்கை வாங்கிக் கனகத்திடம் கொடுத்துவிட்டு, அதே தாளத்தை, அதே வேகத்தில், முதலிலிருந்து எடுத்தாள். கனகம் கண்ணை மூடவில்லை. தண்ணீருக்கு அப்பால் சாலையைப் பார்த்தாள். மனதுக்குள் சிவப்பு எண் எரிந்தது. நாற்பது. முப்பத்தொன்பது.

"பேர் கேட்டு எழுதுவ, ஊர் கேட்டு எழுதுவ,
ஓம்பேர எழுதையில என் கையேன் நழுவ?
ரூமுக்கு ரூம் சாவி எடுத்துக் குடுத்த,
எந்த ரூமுக்குள்ள நீ தாப்பாப் போட்டுப் படுத்த?"

சிரிப்பு அடங்கிவிட்டது. யாரோ "ஏய், ஏய்" என்று பக்கத்தில் இருந்தவனை இடித்தான். அவள் நிறுத்தவில்லை.

"ஆயிரம் மூஞ்சிய அளவெடுத்து வச்சேன்,
ஓம்மூஞ்சி வந்தப்ப அளவெல்லாம் தொலைச்சேன்!"

இப்போது கூட்டம் அவளோடு சேர்ந்து தலையசைத்தது. பத்து, பதினைந்து, இருபது என்று வரிகள் ஓடின. தடுக்கவில்லை, இடறவில்லை. இருபத்துநாலாவது வரி முடிந்தது. மைக்கை இறக்க வேண்டியதுதான். ஆனால் தாளம் நிற்கவில்லை. வித்யாஸ்ரீ அடித்துக்கொண்டே, இன்னும் இருக்கிறதா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். எழுதி வைத்தது எதுவும் இல்லை. எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு, ஆறு. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது அவளுக்கு. முன்னால் ஒரு முதுகு.

"நாப்பது நொடியில பதில் கேட்ட, அண்ணே,
நானூறு நாளாச்சு, கேள்விதான் என்ன?"

அடுத்து எழுந்த சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. செருப்பைக் கழற்றித் தரையில் அடித்தார்கள். ஒரு பெண் கனகத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணே! அண்ணேதான்டா ஒரிஜினலு! உக்காருது பாரு!" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு கத்தினான்.

சத்தத்துக்கு நடுவே இன்னொரு குரல். "அப்ப தீச்சட்டி திருட்டுப்பயலா?"

எல்லாப் போன்களும் அவன் பக்கம் திரும்பின. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அவன் ஓடவும் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. தன் போனை எடுத்து அவள் முன் நீட்டினான். முகப்புத் திரையில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். நடுவில் அவள் பார்த்தறியாத ஓர் இளைஞனின் முகம். பெயர், கருத்தக்கண்ணன். வயது இருபத்தொன்று. பக்கத்தில் எட்டு வரி. சிவப்பு விழுந்தா நிக்கணும்ன, மாப்ள.

வலது மூலையில் ஒற்றை மல்லிகைப்பூ. அடியில் எறும்பு எழுத்தில், பூங்கதிர் டிஜிட்டல்ஸ், கோரிப்பாளையம்.

"இது என் கூட்டாளி, என் மாப்ள போஸ்டருக்கா. நான் வேற எங்கருந்தும் எடுக்கல. அவனுக்குப் போட்ட வரி, அவனுக்காகத்தேன் பாடினேன்."

"இதுல இந்த வரிய வச்சது யாரு?" என்றாள் கனகம். பூவைப் பார்த்தபோதே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

அவன் அவளை உற்றுப் பார்த்தான். ஊதா நிறச் சுடிதாரை, சாப்பாட்டுப் பையை. "யக்கா... நீங்கதானக்கா. கோரிப்பாளையம் கடைல. நான் அழுதுட்டு நின்னேன். தண்ணி பாட்டில் குடுத்தீங்க. நல்லா எதாச்சும் வரி போடுங்கக்கா, அவன் சும்மா ஆளு இல்லைன்னேன். திரையக் காட்டுனீங்க. அண்ணேன்னு இருந்துச்சு, அவன் எனக்கு மாப்ளக்கா, மாத்துங்கன்னேன். ரெண்டு எடத்துல மாத்துனீங்க."

தண்ணி பாட்டில். அது மட்டும் அவளுக்கு நினைவில் இருந்தது.

அண்ணன் போன பதினேழாவது நாள் அவள் கடைக்குத் திரும்பியிருந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை. புதிதாக ஓர் அஞ்சலி வந்தால், இதே அளவில் முன்பு செய்த ஒன்றைத் திறந்து, முகத்தையும் பெயரையும் மாற்றித் தருவதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். வரி என்பது கட்டம் மாதிரி, பூ மாதிரி. இருப்பது இருக்கும். ஹரிராம் அவள் அண்ணன் போஸ்டரின் அமைப்பு நன்றாக இருக்கிறதே என்று முகத்தையும் பெயரையும் மட்டும் எடுத்துவிட்டு, வெற்று ஃபைலாகப் பத்திரப்படுத்தியிருந்தார். அன்று அவள் அதைத்தான் திறந்திருக்கிறாள். வரியை அவள் படிக்கவில்லை. எழுத்தின் உயரத்தைப் பார்த்தாள், இடைவெளியைப் பார்த்தாள். எதிரே நின்றவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. 'அண்ணே'யை அழித்தது இவன் இல்லை. அவளுடைய விரல்தான்.

"சொல்லுக்கா! திருட்டா இல்லையா?" கூட்டம் கேட்டது. அத்தனை போன்களும் இப்போது அவள் முகத்தைப் பார்த்தன. ஒரு வார்த்தை போதும். திருட்டு என்று அவள் சொல்லிவிட்டால் இந்த நொடியே அவன் காலி. அவள்தான் ஊருக்குப் பேச்சு. அதற்காகத்தானே பஸ்ஸில் வாரம் முழுக்கத் தாளம் போட்டாள்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"அவன் எடுக்கல. நான்தான் குடுத்தேன். குடுக்கிறது தெரியாமக் குடுத்துட்டேன்."

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. வித்யாஸ்ரீ வாய் பிளந்தபடி நின்றாள். தீச்சட்டி மைக்கை வாங்கினான். அவன் குரலில் பாட்டுக்கான கரகரப்பு இல்லை.

"எழுதினது இந்த அக்கா. அவங்க அண்ணனுக்கு எழுதினது. எனக்குத் தெரியாது, கடை வரின்னு நினைச்சேன். ஆனா நானே எழுதினேன்னு பேட்டில சொன்னேன்ல, அது பொய். அது என் தப்பு. எல்லாரும் கேட்டுக்கங்கடா."

பேர் வாங்கிய ஒருவன், பேர் வாங்கித் தந்த வட்டத்தின் நடுவில் நின்று, தன் வாயால் இதைச் சொன்னதை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கோலப்போட்டி என்று கிண்டல் செய்தவன்தான் முதலில் கைதட்டினான். பிறகு எல்லோரும். அந்தத் தட்டல் யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"மாப்ளேன்னு வரும்போது கால் தட்டுதுடா" என்றாள் கனகம் அவனிடம் மெதுவாக.

"தெரியும்க்கா. ஆனா அவன் எனக்கு மாப்ளதானக்கா."

"அப்ப அவனுக்கு நீ எழுது."

அவன் சங்கிலியைத் திருகிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கடைமுன் பத்துப் பதினைந்து பேர். வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. அஞ்சலிக்கு வரி வேண்டும், காதுகுத்துக்கு வரி வேண்டும், காதலித்தவளுக்கு வரி வேண்டும். ஒருவர் தன் ஆட்டோவின் பின்பக்கத்துக்கு ரெண்டு வரி கேட்டார். ஹரிராம் எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டுக் கனகத்திடம் வந்து கையைப் பிசைந்தார்.

"அந்த ஃபைல்... வேற மூணு பேருக்கும் போயிருக்கும்மா. ஒரு வாத்தியாரு, மீன்கடை அம்மா ஒருத்தங்க, ஒரு கல்லூரிப் பையன். எனக்குத் தோணவே இல்ல. வரிதானேன்னு..."

அவள் அந்த மூன்று பெயரையும் படித்தாள். பிறகு வெற்று ஃபைலைத் திறந்து, கட்டத்தையும் பூவையும் விட்டுவிட்டு, எட்டு வரியை மட்டும் எடுத்தாள். "இனிமே கேட்டுக்கிட்டு எழுதுறேன் சார். யார் என்ன, எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டுட்டு" என்றாள்.

தை மாதம் சூரியபிரகாஷின் பிறந்தநாள் வந்தது. இருந்திருந்தால் முப்பத்தொன்று. அதற்கு ஒரு போஸ்டர் போட முடிவு செய்தாள். பெரிய தாள், இருபத்தாறு வரி, ஒன்றும் குறைக்காமல். பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாவிட்டால் இறங்கி வந்து படிக்கட்டும் என்றாள். ஹரிராம் மறுக்கவில்லை. அடிவரிசைக்கு முகங்கள் சேர்ந்தன. லாட்ஜில் கூட வேலை பார்த்தவர்கள், சித்தப்பா மகன்கள், ஹரிராம், வித்யாஸ்ரீ. முதல் கட்டத்தில், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, தன் முகத்தை வைத்தாள். அளந்தாள். எல்லோருக்கும் என்ன அளவோ அதே அளவு.

அச்சுக்குப் போகவிருந்த அன்று மத்தியானம் கவுன்டரில் ஒருவன் வந்து நின்றான். கண்ணாடி இல்லை, சங்கிலி இல்லை. கையில் ஒரு பஸ் டிக்கெட். அதன் பின்பக்கம் பேனாவால் நான்கு வரி.

"மாப்ள கண்ணனுக்கு எழுதினேன்க்கா. ஒரு மாசமா எழுதிருக்கேன். படிங்க."

அவள் படித்தாள். இயைபு இரண்டு இடத்தில் சறுக்கியது. நாலாவது வரி நொண்டியது. ஆனால் அதில் ஒரு பரோட்டாக் கடையும், இருவர் ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்ட கதையும் இருந்தன. வேறு எந்தச் செத்துப்போனவனுக்கும் அது பொருந்தாது.

"நல்லாருக்கு."

"நாலாவது வரிய மட்டும் கொஞ்சம் திருத்தித் தாங்கக்கா."

"தொடமாட்டேன். நொண்டினா நொண்டட்டும், உன்னது."

அவன் முதலில் முகத்தைத் தொங்கப்போட்டான், பிறகு சிரித்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்தது போலிருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"அண்ணன் போஸ்டர்ல அடிவரிசைல எடமிருக்காக்கா? ஸ்டாம்ப் சைஸ் போதும்."

முப்பது லட்சம் பேர் பார்த்த முகம், கடைசிக் கட்டத்துக்கு மனு போட்டு நின்றது. கனகம் படத்தை ஸ்கேன் செய்தாள், வெட்டினாள், வரிசையின் கடைசியில் வைத்தாள். கீழே எழுத்துக்கான கோடு மின்னி மின்னி நின்றது.

"பேரு?"

தீச்சட்டி என்று சொல்வான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விரலை அந்த முதல் எழுத்தின் மேல் வைத்துக்கூட விட்டாள்.

"சோணைமுத்து."

"ஊரு?"

"ஆரப்பாளையம்."

பேர் கேட்டு எழுதினாள், ஊர் கேட்டு எழுதினாள். கை நழுவவில்லை.